பேய காட்டாம பயமுறுத்துறது

வீட்ல உக்காந்து கோடோட்ங்கிற கேம் செய்யுற சாஃப்ட்வேர்ல ஒரு பேய் கேம் பண்ணிட்டு இருக்கேன், இடம் நம்ம கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கிற ஒரு செட்டிநாட்டு வீடு. மொதல்ல பேய நேராவே காட்டுனேன், தம்பி ரெண்டாவது தடவையே பழகிட்டான். அப்புறம் பேயத் தூக்கிட்டேன்... முகப்புல நின்னா, வானம் தெரியுற முற்றமான வளவு, அதுக்குப் பின்னாடி ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டி பின்வாசல் வரைக்கும் நேரா தெரியும்ல, அந்தக் கடைசிக் கதவு நீங்க திரும்பிப் பாக்குறப்ப லேசா தெறந்திருக்கும், அவ்ளோதான். ஆத்தங்குடி டைல்ஸ்ல உங்க காலடிச் சத்தம் கேக்கும், நீங்க நின்ன பிறகும் அது இன்னொரு அடி வச்சிட்டுதான் நிக்கும்.

1999ல வந்த சைலண்ட் ஹில்ங்கிற திகில் கேம்ல, பிளேஸ்டேஷனால ரொம்ப தூரம் வரைஞ்சு காட்ட முடியாதுன்னுதான் பனிமூட்டத்தால மறைச்சாங்க, அந்த மறைப்பே பயமாயிடுச்சு. நானும் அதே மாதிரி மறைக்க வளவுல மழையப் பெய்ய விட்டேன். தம்பி இப்ப ஹெட்போன கழட்டிட்டுதான் ஆடுறான்.