நாட்டி பாய் என்றால் காசில்லாத பையன்

"உங்க பையன் ரொம்ப நாட்டி" என்று எல்கேஜி வாசலில் மிஸ் சொன்னதும், அம்மா பையனை முறைப்பார். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இதைச் சொல்லியிருந்தால் அர்த்தமே வேறு: "உங்க பையன் கையில சல்லிக்காசு இல்ல." எல்கேஜி பையனுக்கு அது இன்றைக்கும் பொருந்தும்தான்.

பழைய ஆங்கிலத்தில் 'நா' என்றால் இல்லை. 'விஹ்ட்' என்றால் பொருள், ஜந்து. இரண்டும் சேர்ந்த 'நாவிஹ்ட்' வாயில் தேய்ந்து, 'ஒன்றுமில்லை' என்கிற 'நாட்' ஆனது. அதுவே இன்னும் தேய்ந்து, வாக்கியத்தில் 'இல்லை' சொல்லும் மூன்றெழுத்து 'நாட்' ஆனது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒரு தாய் மக்கள், போகட்டும். வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் பக்கம் 'ஒன்றுமில்லை'க்கு இன்றும் 'நவுட்' என்பார்கள். முதல் 'நாட்'டை பிரிட்டனில் எழுதும்போது உள்ளே 'ஓ' போட்டால் (nought) பூஜ்யம், 'ஏ' போட்டால் (naught) 'வீணாய்ப் போனது'.

அந்த 'நாட்'டுக்கு வால் முளைத்ததுதான் 'நாட்டி'. நம்ம ஊரில் குறும்புப் பிள்ளையை 'வாலு' என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதற்குப் பொருள் 'ஒன்றுமில்லாதவன்'. காசில்லாதவனைக் கெட்டவன் என்று சொல்ல ஊருக்கு எத்தனை நாளாகும்? சீக்கிரமே 'கெட்டது', 'உதவாதது' என்றெல்லாம் ஆகிவிட்டது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், எரேமியா 24ஆம் அதிகாரத்தில் இரண்டு கூடை அத்திப்பழம் வரும். அதில் ஒரு கூடை நிறைய 'நாட்டி' பழங்கள். கூடையை விட்டுக் குதித்து ஓடிய பழங்கள் இல்லை, வாயில் வைக்க முடியாதவை. அதே நூற்றாண்டில்தான் சொல் குழந்தைகள் மேல் விழுந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்ச் செல்லமானது.

'ஒன்றுமில்லை' என்கிற அந்த 'நாட்'டுக்கு எதிர்ச்சொல்லும் உண்டு. 'ஆவிஹ்ட்', சுருங்கி 'ஆட்': ஏதாவது ஒன்று. இங்கேதான் குளறுபடி. 'ஒரு பூஜ்யம்' என்பதற்கு 'அ நாட்' என்று சொல்ல, கேட்டவர் காதில் 'அன் ஆட்' என்று விழுந்தது. 'ந' என்கிற எழுத்து முன்னால் இருந்த சொல்லுக்குத் தாவிவிட்டது. 'நேப்ரன்' 'ஏப்ரன்' ஆனதும், 'நாடர்' பாம்பு 'ஆடர்' ஆனதும் இதே தாவலில்தான். பலன், 'ஆட்' என்றால் ஏதாவது, 'ஆட்' என்றால் பூஜ்யம்!

அமெரிக்காவில் 1906இல் வந்த .30-06 துப்பாக்கித் தோட்டாவை 'தர்ட்டி ஆட் சிக்ஸ்' என்பார்கள். முப்பது என்பது குழல் விட்டம், அங்குலத்தில் நூறில் முப்பது; ஆறு என்பது வருஷம். அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்த்தால், 'முப்பது, ஏதாவது, ஆறு'.