கேஸை நடத்தச் சொல்லுங்க

போன வாரம் மகள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். சட்டம் படிக்கிறாள், இரண்டாம் வருஷம். கல்லூரியில் விவாதப் போட்டியாம். கியூபாத் தீவில் அமெரிக்கா வைத்திருக்கும் குவாண்டனாமோ சிறையில் அடைத்து வைத்த பயங்கரவாதக் கைதிகளை அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு சிறைக்கு மாற்றலாமா என்பது தலைப்பு. இவளுக்குக் கிடைத்தது ‘மாற்றக் கூடாது’ பக்கம். அரை மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகும் எனக்கு மனசு அடங்கவில்லை.

நான் ஏரியூர்க்காரி. இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். 1997-ல் எனக்குப் பதின்மூன்று வயது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா (சொந்தமில்லை, கூப்பிடுகிற முறை) தன் வீட்டுக்காரரைப் பார்க்க மைசூருக்குக் கிளம்பினார். வீரப்பன் வழக்கில் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் அவரைப் பிடித்துப்போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. பஸ் போர்டு படிக்க ஆள் வேண்டுமென்று என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார். விடியுமுன் முதல் பஸ். பென்னாகரம், தர்மபுரி, ஓசூர், பெங்களூர், அங்கிருந்து மைசூர். பெங்களூருக்கு அப்புறம் நானும் போர்டு படிக்க முடியாதவள்தான். எல்லாம் கன்னடம்.

சிறைக்குள் போய்ப் பார்க்க மனு போட வேண்டும். அதுவும் கன்னடத்தில். எதிரே டீக்கடையில் தமிழ் தெரிந்த ஒருவர் எழுதித் தந்தார். கைதி பேர் என்ன என்று கேட்டார். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் பக்கத்தில் அந்த வயசுப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்வதில்லை. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து, சொல்ல வேண்டிய அந்த ஒரு பேரைச் சொல்ல முடியாமல் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான்தான் சொன்னேன்.

கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கூச்சல். பெரியம்மா மாட்டை விற்றதைச் சொன்னார், கொல்லையில் கடலை காய்ந்ததைச் சொன்னார். கடைசியாக, “கேசு எப்ப வருதாம்?” என்று கேட்டார். “தெரியலயே” என்றார் அவர். அன்று ராத்திரியே திரும்பினோம்.

2000 ஜூலை 30-ல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். மைசூர்ச் சிறையிலிருந்த தடா கைதிகளை விட வேண்டும் என்பது அவன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. டீக்கடை, பஸ், ரேஷன் கடை, எங்கே பார்த்தாலும் விடலாமா விடக்கூடாதா என்றே பேச்சு. விட்டால் அத்தனை பேரும் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள் என்றார்கள். வழக்கை வாபஸ் வாங்க அரசு ஒத்துக்கொண்டதை அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. அப்போது பெரியம்மா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “வெளிய விடச் சொல்லி நான் கேக்கல. கேச நடத்தச் சொல்லுங்க. தப்பு பண்ணியிருந்தா உள்ளயே வெச்சுக்கட்டும்.”

2001-ல் தீர்ப்பு வந்தது. பெரும்பாலானவர்கள் விடுதலை. பெரியப்பாவும் வந்தார். அவர் போனபோது தொட்டிலில் கிடந்த பையன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். 1993 ஏப்ரலில் வீரப்பன் ஆட்கள் பாலாற்றில் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தது பொய்யில்லை. அந்தக் குடும்பங்களுக்கும் நியாயம் வேண்டும். அதற்காகத்தானே விசாரணை?

இனி அமெரிக்காவுக்கு வருகிறேன். 2002 ஜனவரியில் கியூபாத் தீவில் தங்கள் கடற்படைத் தளத்தில் அந்தச் சிறையைத் திறந்தார்கள். மொத்தம் சுமார் 780 பேரை அங்கே அடைத்தார்கள். தங்கள் நீதிமன்றங்களின் கை எட்டாது என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். குடும்பத்தார் போய்ப் பார்க்க வழியே கிடையாது. செஞ்சிலுவைச் சங்கம் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும். பல வருஷம் கழித்துத்தான் போனும் வீடியோ அழைப்பும் வந்தன. படித்தபோது அந்தக் கம்பி வலை எனக்குப் பெரிய பாக்கியமாகத் தெரிந்தது.

ஒரு வருஷத்துக்குள் மூடுவேன் என்று 2009 ஜனவரியில் ஒபாமா உத்தரவு போட்டார். மே மாதம் அவர்கள் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் அதற்குப் பணம் தர மறுத்தது, 90-க்கு 6 என்ற கணக்கில். டிசம்பரில் இலினாய் மாநிலத்தின் தாம்சன் என்ற ஊரைக் காட்டினார்கள். அறுநூறு பேர்கூட இல்லாத ஊர். மிசிசிப்பி ஆற்றோரத்து மணல் பூமி, முலாம்பழத்துக்குத் திருவிழா எடுக்கிறவர்கள். 2001-ல் 1,600 அறைகளோடு கட்டிய சிறை அங்கே பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. அதை மத்திய அரசு வாங்கும், நூறு பேர் வரை அங்கே மாற்றலாம் என்றார்கள். மூவாயிரம் வேலை என்றார்கள் ஆதரித்தவர்கள். நம் மாநிலமே பயங்கரவாதிகளுக்குக் குறியாகிவிடும் என்றார்கள் எதிர்த்தவர்கள்.

ஒரு பழத்தையே நம்பியிருக்கிற ஊரில் வேலைக்காக ஜனம் என்னவெல்லாம் ஒத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அந்த ஊர்க்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைக் கிளப்பியவர்களை ஏற்க முடியவில்லை. உலக வர்த்தக மையத்தில் 1993-ல் குண்டு வைத்த ராம்சி யூசெப் கொலராடோவில் அவர்கள் நாட்டுச் சிறையில்தானே இருக்கிறான்? குவாண்டனாமோவிலிருந்து கைலானி என்பவனை 2009-ல் நியூயார்க் கொண்டுவந்து சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். 285 குற்றச்சாட்டில் 284 நிற்கவில்லை. நின்ற ஒன்றுக்கே ஆயுள் தண்டனை. ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மகளிடம் சொன்னேன்: உன் பக்கத்தில் நேர்மையாகச் சொல்ல ஒரு வாதம் இருக்கிறது. தாம்சனுக்குக் கொண்டுபோன பிறகும் சிலரை விசாரணை இல்லாமலே வைத்திருப்பதாகத்தான் திட்டம். அங்கே மனித உரிமைக்காரர்களே அதைச் சொல்லி எதிர்த்தார்கள். பூட்டு அதே பூட்டு, வாசல் மட்டும் வேறு. அந்த வாதத்தை வை, பயத்தைக் காட்டிப் பேசாதே.

கைதிகள் யாரையும் அமெரிக்காவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பிறகு அவர்கள் நாடாளுமன்றம் சட்டமே போட்டுவிட்டது. தாம்சன் சிறையை 2012-ல் 16.5 கோடி டாலருக்கு வாங்கி, மற்ற கைதிகளுக்கு வைத்துக்கொண்டார்கள். குவாண்டனாமோ இன்னும் திறந்தே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். ஏரியூர் போகிறோம். பெரியம்மாவிடம் கேட்க நோட்டில் கேள்வி எழுதி வைத்திருக்கிறாளாம். புருஷன் பேரை மட்டும் கேட்காதே என்று சொல்லியிருக்கிறேன்.