தெர்மோஸ்டாட் வால்வு இல்லாமல் ஓடிய வண்டி: 71, 82, 88 டிகிரி மூன்றையும் போட்டுப் பார்த்தேன்

மாமாவின் பழைய டீசல் பிக்கப் என் கைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. பெங்களூர் அல்சூரில் வீட்டு வாசலில் நிற்கும். சனிக்கிழமை விடிகாலை கிருஷ்ணகிரிக்குக் கிளம்பும், நிலத்தில் கிடைத்ததை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்பும். மாங்காய், தேங்காய், ஒரு தடவை வைக்கோல். லிட்டருக்குப் பத்துதான். "அது எப்பவுமே அப்படித்தான்டா, பத்து குடுத்தாலே பெரிசு" என்று மாமா சொல்லிவிட்டார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூடியின் அடியில் வெண்ணெய் திரண்ட மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாகப் பசை. தெருமுனை மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "ஹெட் காஸ்கெட் போச்சு சார், எஞ்சினைப் பிரிக்கணும்" என்றார். கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர், ஆயிலில் கலக்காமல் தடுக்கும் தகடு அது. எனக்கு மனசு ஒப்பவில்லை. கூலண்ட் ஒரு சொட்டுக் குறையவில்லை, ரேடியேட்டரில் எண்ணெய் மிதக்கவில்லை. ஆனால் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஒருநாளும் கால் பாகத்தைத் தாண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கழற்றி, அது எஞ்சினோடு சேரும் இடத்து மூடியின் இரண்டு போல்ட்டையும் பிரித்தால், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு) உட்கார வேண்டிய குழி காலி.

மாமாவுக்கு போன் போட்டேன்.

"ஆமாடா, மேலுமலை மேட்டுல ஒரு தடவை லோடோட கொதிச்சு நின்னுடுச்சு. அங்க ஒருத்தர் அந்த வால்வைக் கழட்டித் தூக்கிப் போட்டாரு. அன்னையிலேர்ந்து சூடே ஆனதில்ல பாத்துக்கோ."

"எத்தனை வருஷம் ஆச்சு மாமா?"

"உங்க அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆன வருஷம். எட்டு இருக்குமா?"

எட்டு வருஷமாக அந்த எஞ்சின் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. மூடியில் இருந்த பசை, ஆயில் ஒருநாளும் ஒழுங்காகச் சூடேறாததால் ஆவியாகிப் போகாமல் தங்கிவிட்ட ஈரம்.

ஜே.சி. ரோட்டில் நான் வழக்கமாகப் போகும் கடை பாய், எஞ்சின் பேரைச் சொன்னதும் "எத்தனை டிகிரி வேணும்?" என்று கேட்டார். கம்பெனியில் வந்தது 82. அதே குழியில் உட்காரும் 71-ம் 88-ம் அவரிடம் இருந்தன. கை சும்மா இருக்குமா? மூன்றையும் வாங்கினேன்.

தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு சின்னப் பித்தளைக் குப்பி, அதில் அடைத்த மெழுகு. கூலண்ட் சூடானால் மெழுகு உருகிப் பருத்து ஊசியைத் தள்ளும், வால்வு திறக்கும். மேலே பொறித்திருக்கும் எண், திறக்க ஆரம்பிக்கும் சூடு. முழுசாகத் திறக்க அதற்கு மேல் இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வேண்டும். திறக்க ஆரம்பிக்கும் வரை தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் பைபாஸ் வழியாக எஞ்சினுக்குள்ளேயே சுற்றும்.

மாட்டுவதற்கு முன் அடுப்பில் வைத்துச் சோதித்தேன். வால்வின் வாயில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலிலேயே தெர்மோஸ்டாட்டைத் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். பக்கத்தில் தெர்மாமீட்டர். வாய் திறந்த நொடியில் நூல் நழுவி, சாமான் பாத்திரத்தின் அடியில் 'டங்' என்று விழும். 71 போட்டது 70-ல் விழுந்தது, 82 சரியாக 82-ல், 88 கொஞ்சம் தயங்கி 89-ல். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே. தண்ணீர் 97-லேயே கொதித்துவிடும். அதனால் 88 முழு வாயையும் திறப்பதை வீட்டு அடுப்பில் பார்க்க முடியவில்லை. அம்மா மூன்று 'டங்'கும் கேட்டுவிட்டு, "நாளைக்கு அந்தப் பாத்திரத்துல பால் காய்ச்சணும், ஞாபகம் வச்சுக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

டேஷ்போர்டு முள்ளை நம்பி அளக்க முடியாது என்று ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கினேன். அதில்தான் கோட்டை விட்டேன். சென்சாரை மேல் ஹோஸில் வைத்துவிட்டேன். 82 போட்டு ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிஷம் ஆகியும் மீட்டர் 34 காட்டுகிறது. எஞ்சினில் கை வைத்தால் சுடுகிறது. வால்வு மூடியிருக்கும்போது மேல் ஹோஸுக்குச் சுடுதண்ணீர் எப்படி வரும்? சென்சாரை எஞ்சின் பிளாக்கில் சும்மா கிடந்த ஒரு பிளக் துளைக்கு மாற்றிய பிறகுதான் கணக்குச் சரியானது. தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஒரு சின்ன ஆடும் ஊசி இருக்கிறதே, அது மேலே பார்க்கும்படி மாட்ட வேண்டும், காற்று வெளியேற அதுதான் வழி. இதை உள்ளே காற்று அடைத்துக்கொண்டு ஏர் லாக் ஆன பிறகு தெரிந்துகொண்டேன்.

அளந்த விதம் இது. ஒரே பங்க், ஒரே நாசில், நாசில் முதல் தடவை தானாக நின்றதோடு சரி. காலை ஐந்தரைக்குக் கிளம்பி 60-க்கு மேல் போகாமல் கிருஷ்ணகிரி, திரும்பும்போது ஏறக்குறைய அதே எடை. ஓடோமீட்டரை ஓசூர் ரோட்டுக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டதில் 100-க்கு 103 காட்டியது, அதைக் கழித்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று சனிக்கிழமை.

வால்வே இல்லாமல் போனபோது சில்க் போர்டு சந்திப்பு தாண்டியும் 58 டிகிரி. நெடுஞ்சாலையில் காற்று அடிக்க அடிக்க 62, 64, அதற்கு மேல் ஏறவே இல்லை. வெள்ளைப் புகை பொம்மனஹள்ளி வரை கூடவே வந்தது. 82 மாட்டிய அன்று அதற்கு முன்னாடியே, கோரமங்களாவிலேயே 80.

அந்த முதல் 82 பயணத்தில்தான் வயிற்றைக் கலக்கியது. திரும்பும்போது மேலுமலை ஏற்றத்தில், தேங்காய் லோடோடு, 95, 99, 104. ஓரங்கட்டி, வண்டியை நிறுத்தியபடியே எஞ்சினை மட்டும் ஓடவிட்டு ஆற வைத்தேன். மாமா சொன்னது சரியோ, வால்வுதான் வில்லனோ என்று அரை மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். மறுநாள் ரேடியேட்டரை இறக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கீழ்ப் பாதியில் வெளிச்சமே தெரியவில்லை. வயல் மண்ணும் பூச்சியும் இறுகிப்போயிருந்தன. ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் கூடும் பாதி உடைந்திருந்தது.

அப்போதுதான் எட்டு வருஷக் கதை புரிந்தது. அந்த மேடு சில நிமிஷ வேலை. 62-ல் ஏற ஆரம்பித்தால் கொதிப்பதற்குள் உச்சி வந்துவிடும். 84-ல் ஆரம்பித்தால் வராது. வால்வைக் கழற்றியவர் வியாதியைக் குணப்படுத்தவில்லை, முன்கூட்டியே குளிர வைத்து அதை மறைத்துவிட்டார். எஞ்சின் சூடு அந்தப் பொறித்த எண்ணுக்குக் கீழே போகாமல் பிடித்துக்கொள்வதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. மேலே எவ்வளவு ஏறும் என்பது ரேடியேட்டரும் ஃபேனும் தீர்மானிப்பது. நெடுஞ்சாலை தாபாக்களில் "71 போடு, வண்டி கூலா இருக்கும்" என்று சொல்லும் யாரும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ரேடியேட்டரைக் கழுவி மாட்டிய பிறகு அதே மேட்டின் உச்சியில் 71 போட்டால் 95, 82 போட்டால் 96, 88 போட்டால் 98. சமவெளியில் பதினேழு டிகிரி தள்ளி நிற்கிற 71-ம் 88-ம் அங்கே மூன்று டிகிரிக்குள் வந்துவிட்டன.

அந்த 104 பயணத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. மைலேஜ்: வால்வு இல்லாமல் சராசரி 10.1. 71-க்கு 10.4. 82-க்கு 10.9. 88-க்கு 11. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நானே நம்பவில்லை, ஏனென்றால் 82-லேயே ஒரு வாரத்துக்கும் இன்னொரு வாரத்துக்கும் 0.3 ஆடியது. அதில் ஒரு வாரம் பின் டயரில் காற்று குறைவு. ஊருக்குள் ஓட்டினால் கதை வேறு. அல்சூர், மார்க்கெட், வீடு என்று சின்னச் சின்ன ஓட்டத்தில் வால்வு இல்லாமல் 7.8 கொடுத்த வண்டி, 82 போட்டதும் 8.9 கொடுத்தது. சின்ன ஓட்டம் முழுக்கவே சூடேறும் நேரம்தான், அதனால் பெரிய மிச்சம் அங்கேதான். குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக நின்று பிஸ்டனைப் பிடித்து இழுக்கும். சிலிண்டர் சுவர் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிஸ்டனைத் தள்ள மிச்சம் கொஞ்சம்தான். கொஞ்சம் டீசல் எரியாமலே புகையாகப் போகும். என் வண்டியில் இருப்பது பழைய டீசல் பம்ப், அதற்குக் கம்ப்யூட்டர் கிடையாது. அந்தக் குறையை நம் கால்தான் அறியாமல் ஆக்சிலேட்டரை மிதித்துச் சரிக்கட்டுகிறது.

இழுவைக்கு, அத்திபள்ளி அருகே ஆளில்லாத சர்வீஸ் ரோட்டில் மூன்றாம் கியரில் 30-லிருந்து 55 வரை போனில் நேரம் எடுத்தேன். வால்வு இல்லாமல் 60 டிகிரியில் ஓடியதைவிட 82-ல் ஒரு நொடி சீக்கிரம் எட்டியது. 82-க்கும் 88-க்கும் கடிகாரத்தில் வித்தியாசமே இல்லை. பெட்ரோல் ரேஸ் வண்டிக்காரர்கள் குளிர்ந்த தெர்மோஸ்டாட் போடுவது நாக்கிங் (சூட்டில் பெட்ரோல் தானாகவே பற்றித் தட்டுவது) வராமல் இருக்க. டீசலில் அந்தப் பயம் கிடையாது, குளிர்ந்தால்தான் தட்டல் சத்தம் கூடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது காதாலேயே கேட்கலாம். 88-ல் எனக்குப் பிடிக்காதது வேறு. மேட்டில் விஸ்கஸ் ஃபேன் (சூடேறினால் எஞ்சினோடு பிடித்துக்கொண்டு வேகமாகச் சுழல்வது) சீக்கிரமே பிடித்துக்கொண்டு லாரி மாதிரி இரைந்தது. அந்த இரைச்சலும் எஞ்சின் பலத்தில்தானே வருகிறது?

82-ஐயே மாட்டி வைத்துவிட்டேன். மூன்று வாரத்தில் ஆயில் மூடிப் பசை காணாமல் போனது, ஹெட்டைப் பிரிக்கவில்லை. போன சனிக்கிழமை மாமா பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மீட்டரில் 84-ஐப் பார்த்து ஓசூர் வரை மூன்று தடவை "நிறுத்துடா, ஆறட்டும்" என்றார். நிறுத்தவில்லை. உடைந்த ஃபேன் கூட்டுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், கிடைத்ததும் மேலுமலை உச்சி எத்தனை காட்டுகிறது என்று எழுதுகிறேன்.