கோபம் மறுகா வரும், முதல்ல காலப் போடு

அக்காவின் மகள் போன கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்திருக்கிறாள், அந்தக் கொப்பியின் ஒரு பக்கம். மேலே சிவப்புப் பேனையால் 'ஸ்டானிஸ்லவ்ஸ்கியின் நடிப்பு முறைமை' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாள், கீழே ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும் குறிப்புகள். பின்னாலேயே ஒரு குரல் பதிவு: "சின்னம்மா, மிஸ் எட்டுப் பொயின்ட் சொன்னவ. நான் ஒண்ட விட்டுட்டன். உங்கட பழைய கொப்பியில இருக்கா எண்டு பாத்துச் சொல்லுங்களன்."

பழைய கொப்பியாம். நான் உயர்தரம் படித்து முடித்துப் பதினைந்து வருஷம் ஆகப்போகிறது. ஆனால் கொப்பி இருக்கிறது, அம்மா வீட்டில் அரிசிப் பெட்டிக்கு மேலே, சாமான்களோடு சாமானாக. தேடி எடுத்துப் புரட்டினேன். அதற்குப் பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் நாடகம் எடுத்த கதையில் இலட்சியம் எதுவும் இல்லை. ஆறாம் வகுப்பில் அழகியல் பாடம் ஒன்று எடுத்தே ஆக வேண்டும் என்றபோது, சங்கீதத்துக்குக் குரல் இல்லை, சித்திரத்துக்குக் கை இல்லை, நடனத்துக்கு உடுப்புச் செலவு, மிஞ்சியது நாடகம். உயர்தரத்திலும் அதையே பிடித்துக்கொண்டேன்: தமிழ், இந்து நாகரிகம், நாடகம். "நாடகம் படிச்சு என்ன செய்யப் போறாய், கூத்தாடப் போறியா" என்று மாமா கேட்டார். அவர் கேலியாகத்தான் கேட்டார், ஆனால் கடைசியில் அதுதான் நடந்தது.

எங்களுடையது மட்டக்களப்பு டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். வகுப்பில் பதினொரு பேர். சேருக்கு அப்போது வயது முப்பதுக்குள்தான் இருக்கும், பல்கலைக்கழகம் முடித்த சூட்டோடு வந்தவர். கதிரை மேசையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அரங்க விளையாட்டு விளையாட விடுவார். ஒருத்தி கண்ணாடி முன்னால் நிற்பவள், மற்றவள் கண்ணாடிக்குள் தெரியும் உருவம், இவள் கையைத் தூக்கினால் அவளும் அதே வேகத்தில் தூக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு கூட்டாளியின் குரலை மட்டும் நம்பி நடக்க வேண்டும். பக்கத்து வகுப்பு கணக்கு டீச்சர் வந்து வாசலில் நிற்பார், ஒன்றும் சொல்லமாட்டார், சும்மா நிற்பார். நாங்கள் பெட்டி படுக்கையோடு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவோம். பதினேழு வயதில் பள்ளிக்கூடத்துக்குள் உடம்பை அசைத்துப் படித்த ஒரே பாடம் அதுதான். மற்றப் பாடங்களில் கழுத்துக்குக் கீழே எங்களுக்கு ஒன்றும் இருந்ததாக யாரும் நினைக்கவில்லை.

சேருக்கு அந்த ரஷ்ய நாடக நெறியாளர் ஸ்டானிஸ்லவ்ஸ்கி என்றால் உயிர். 1863 பிறந்தார், 1938 இறந்தார், மொஸ்கோ கலை அரங்கு, 'ஒருவேளை நான் அந்த இடத்தில் இருந்தால்' என்ற அந்த மந்திரக் கேள்வி, உணர்வு ஞாபகம், எல்லாம் நோட்ஸாகக் கரும்பலகையில் வரும். நோட்ஸோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் பயிற்சி என்றார். எல்லாரும் கண்ணை மூடுங்கள், உங்கள் வாழ்க்கையில் ஆகவும் துக்கமான ஒரு நாளை நினையுங்கள், அன்று காலில் மண் எப்படி இருந்தது, என்ன மணம் வந்தது, ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்துங்கள்.

எங்களோடு நாவலடிப் பிள்ளை ஒருத்தி படித்தாள். 2004 டிசம்பர் 26 அன்று நாங்கள் எல்லாரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். நாவலடி என்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். இதற்குமேல் மட்டக்களப்பு ஆட்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவள் அழத் தொடங்கினாள். நல்லாச் செய்கிறாள் என்று சேர் முதலில் நினைத்தார் போல, பேசாமல் இருந்தார். அப்புறம்தான் விளங்கியது, அவரும் பயந்துவிட்டார். அன்று இரண்டு பாடவேளையும் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்ததுதான். அவள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை.

சேர் கெட்டவர் இல்லை. புத்தகத்தில் இருந்ததைச் செய்தார். எங்களைப் போன்ற ஊரில், யுத்தமும் சுனாமியும் கடந்து வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பயிற்சியைச் செய்யலாமா என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பயிற்சியை அவர் எடுக்கவேயில்லை, ஆனால் பரீட்சைக்கு வரும் என்று பாடமாக்கச் சொன்னார்.

அடுத்த தவணையில் தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் கூத்து ஒன்று போடுவது என்று முடிவானது. சேருக்குக் கூத்தை விளக்கத் தெரியும், ஆடத் தெரியாது. ஆகவே வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவரைக் கூட்டிவந்தார். மண்முனைப் பாலம் திறந்தது 2014 இல், இது அதற்கு முன்னால். அந்த மனுஷன் தோளில் மத்தளத்தோடு துறையில் பாதை ஏறி (வெளியூர் ஆட்களுக்கு: பாதை என்றால் எங்களுக்கு ரோட்டும்தான், ஆற்றைக் கடக்கிற மிதவையும்தான்) இந்தப் பக்கம் வந்து பஸ் பிடித்து வருவார். அறுபது தாண்டியவர், வெள்ளைச் சாரம், வெற்றிலை.

பெண்பிள்ளைகள் கூத்தாடுவதா என்று அவர் முகம் சுளிப்பார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். ஊர்க்கூத்தில் பெண் வேஷமும் ஆண்கள்தானே கட்டுவார்கள். அதிபர் இதை ஒரு மாதிரிச் சுற்றிவளைத்து அவரிடம் கேட்டபோது, "ஆம்பிளையள் பொம்பிளையா ஆடக்குள்ள ஒருத்தரும் கேள்வி கேக்கல்ல, இப்ப மட்டும் என்னத்துக்கு" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்ப வெளியே போனார்.

அபிமன்யு கதையில் ஒரு துண்டு. எனக்குத் துரியோதனன். கொஞ்சம் உயரம், அவ்வளவுதான் தகுதி. நாவலடிப் பிள்ளைக்கு சுபத்திரை. அது பிள்ளை செத்து அழுகிற வேஷம் என்று சேர் அவரிடம் தனியாகப் போய் ஏதோ சொன்னார். அண்ணாவியார் தலையை ஆட்டினார், வேஷத்தை மாற்றவில்லை.

முதல் இரண்டு கிழமை பாட்டு இல்லை, வசனம் இல்லை. ஆட்டம் மட்டும். வீசாணம், எட்டு, உலா. காலை முழுதாக நிலத்தில் வைக்க வேண்டும், நுனிக்காலில் மிதித்தால் மத்தளத்தை நிறுத்திவிடுவார். படித்த திமிரில் நான் ஒருநாள் கேட்டேன், துரியோதனனுக்கு இந்த இடத்தில் ஏன் கோபம் வருகிறது, அந்தக் கோபத்தை நான் எங்கே இருந்து எடுப்பது என்று. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோபம் மறுகா வரும் புள்ள. முதல்ல காலப் போடு."

எனக்கு அப்போது அது ஒரு பதிலாகவே தெரியவில்லை.

உடுப்புக் கட்டிப் பார்த்த நாளில்தான் விளங்கியது. கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை, எங்களுடையது வடமோடி. வடமோடி அரசனுக்குக் கரப்புடுப்பு. கோழி அடைக்கிற கரப்பு மாதிரி வளையம் வைத்து விரிந்து நிற்கும். கையைக் கீழே தொங்கவிட முடியாது, உட்கார முடியாது, தலையில் கிரீடம் வைத்துவிட்டால் கழுத்தை மட்டும் திருப்பவும் முடியாது. பக்கத்தில் நிற்பவளைப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு முழு உடம்பும் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் பார்க்கப்படுகிறவள் தானாகவே ஓரடி பின்னால் போகிறாள். மத்தளம் ஏறுகிறது, சல்லாரித் தாளம் கூடவே ஏறுகிறது, காலில் சதங்கை, மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்கியதும் குரல் நெஞ்சிலிருந்து வருகிறது. வந்துவிட்டது கோபம். நான் எதையும் நினைக்கவில்லை. வீட்டில் யாரோடும் பிடித்த சண்டையை ஞாபகப்படுத்தவில்லை.

சுபத்திரையும் அப்படித்தான். அவள் பாடி அழுத ஒப்பாரிக்கு முன்வரிசையில் இருந்த டீச்சர்மார் எல்லாரும் சேலைத் தலைப்பை எடுத்தார்கள். அவள் தாளம் பிசகாமல் அழுது முடித்து, களரியை, அதாவது ஆடுகிற வட்டத்தை, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்து, "தேத்தண்ணி இருக்கா" என்று கேட்டாள்.

கோட்டத்தில் முதலாமிடம், வலயத்தில் மூன்றாமிடம், அதோடு சரி. விடிய விடிய ஆடுகிறதை நிமிஷக் கணக்கில் நறுக்கி, மணி அடித்ததும் இறங்கிவிட வேண்டும் என்றால் வேறென்ன செய்வது.

என் முறைப்பாடு இதுதான். கொப்பியைப் புரட்டினால், மேலைத்தேய அரங்கு என்ற பகுதியில் ஸ்டானிஸ்லவ்ஸ்கி, ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் எல்லாரும் 'நடிப்பு முறைமை' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறார்கள். நாற்பது பக்கம் தள்ளி, ஈழத்து மரபுவழி அரங்கு என்ற பகுதியில் கூத்து இருக்கிறது, அங்கே முறைமை என்ற சொல்லே இல்லை. களரி வட்டம், வடமோடியில் பெரும்பாலும் போர்க்கதை, தென்மோடியில் ஆட்ட நுணுக்கம் கூட, சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம். எல்லாம் வேறுபாட்டு அட்டவணையும் வரிசைக்கிரமமும்தான். அவர்களுக்கு இருப்பது சிந்தனை, எங்களுக்கு இருப்பது சடங்கு என்கிற மாதிரி. 'காலைப் போட்டால் கோபம் வரும்' என்பது நடிப்பைப் பற்றிய ஒரு கொள்கை இல்லையா? நடிகர் உள்ளேயிருந்து வெளியே வர வேண்டுமா, வெளியேயிருந்து உள்ளே போக வேண்டுமா என்று உலகம் முழுக்கச் சண்டை பிடிக்கிற கேள்விக்கு அந்த மனுஷன் வெற்றிலை வாயோடு ஒரு தரப்பின் பதிலைச் சொல்லிவிட்டுப் போனார், எங்களுக்கு அதற்குப் புள்ளி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஸ்டானிஸ்லவ்ஸ்கியே கடைசிக் காலத்தில் உணர்ச்சியைத் தேடிப்போவதை விட்டு உடம்பின் செயலிலிருந்து தொடங்கச் சொன்னார் என்று நான் பிற்பாடுதான் படித்தேன். எங்கள் நோட்ஸ் அவருடைய ஆரம்பகாலத்தோடு நின்றுபோயிருந்தது. பிரெக்ட் 1935 இல் மொஸ்கோவில் மெய் லான்ஃபாங் என்ற சீன நடிகரின் ஆற்றுகையைப் பார்த்துவிட்டுத்தான், நடிகன் பாத்திரமாகவே கரைந்துபோகாமல் தள்ளி நின்று காட்டுவதைப் பற்றி அந்தப் பிரபலமான கட்டுரையை எழுதினார். சீனத்து மரபைப் பார்த்து அவர் கொள்கை எழுதினார், நாங்கள் எங்கள் மரபைப் பார்த்து அட்டவணை கீறினோம். நான் துரியோதனனாகத் திரைக்குப் பின்னாலிருந்து வந்து பாடிய வரவுப் பாட்டில் 'நான் வந்தேன்' என்று ஓரிடத்திலும் இல்லை, துரியோதனன் வந்தான் என்றுதான் இருக்கிறது. என்னைப் பற்றி நானே படர்க்கையில் பாடிக்கொண்டு வருகிறேன். இதையும் பிரெக்டையும் சேர்த்து எழுதலாமா என்று சேரிடம் கேட்டேன். "கேள்வி அப்பிடி வராது. ஆனா நல்ல கேள்வி" என்றார்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தது எல்லாருக்கும் பாடம். 1962 'கர்ணன் போர்', 1964 'இராவணேசன்', அதில் இராவணனாக ஆடியது அப்போது மாணவராயிருந்த எங்கள் அமிர்தகழி மௌனகுரு. நல்லது, தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கிய வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் எதைச் சொல்லி, எப்படிப் பழக்கினார் என்று கேட்க வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒன்றும் புது யோசனையும் இல்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926 இல் 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழையும் ஒரே பாயில் உட்காரவைத்துவிட்டார்.

அதற்காகக் கூத்தில் எல்லாம் பொன் என்று சொல்லவரவில்லை. இரவு இரண்டு மணிக்கு மேல் நான் ஒரு கூத்தையும் முழுதாகக் கண் விழித்துப் பார்த்ததில்லை, பாயில் சுருண்டு தூங்கிவிடுவேன். சில கூத்துகளில் வருகிற பகிடிகளை இன்றைக்குப் பிள்ளைகளுக்கு முன்னால் ஆட முடியாது. சேருடைய கண்ணாடி விளையாட்டு இல்லாமல் நேரே அண்ணாவியாரிடம் போயிருந்தால் எனக்கு மற்றவளைப் பார்த்து ஆடத் தெரிந்திருக்காது என்றும் நினைக்கிறேன். இரண்டுமே வேண்டியிருந்தது. இரண்டு பேரும் ஒரே மரத்தடியில் ஒரு தவணை முழுக்க இருந்தார்கள், ஒருவர் செய்வதை மற்றவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பற்றி ஒரு கதை பேச்சு இல்லை.

எனக்கு நாடகத்துக்கு பி வந்தது. இப்போது கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை, கோவைகளோடு. கூட்டத்தில் யாராவது சத்தம் போட்டால் கழுத்தை மட்டும் திருப்பாமல் முழு உடம்போடு திரும்பிப் பார்க்கிறேன். வேலை செய்கிறது.

அக்காவின் மகளுக்கு எட்டாவது பொயின்ட் கிடைக்கவில்லை, என் கொப்பியில் ஆறுதான் இருந்தது. அதைச் சொன்னதும் "அப்ப நீங்க எப்பிடி பி எடுத்தீங்க" என்று கேட்டாள். கொப்பியின் பின்மட்டையில் பென்சிலால் நான் எழுதிவைத்திருந்த தாளக்கட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். இது எந்த அலகு என்று கேட்டாள்.

வெள்ளாமை வெட்டு முடிந்துவிட்டது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் வருகிற சனிக்கிழமை ஒரு அரங்கேற்றம் இருக்கிறது. மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன், சோதனை வருகிறது என்று கத்தினாள், இதுவும் பாடம்தானடி என்று நானும் கத்தினேன். கடைசியில் அவளும் வருகிறாளாம். ஒரு பாய், இரண்டு போர்வை, நுளம்புத்திரி, ஒரு போத்தல் பிளேன்டீ. இரண்டு மணிக்கு மேல் யார் முழித்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.