பர்பூரின் இல்லாத சிவப்பு

அந்த நூலின் நீளம் மூன்று மில்லிமீட்டர். கறுப்புத் தாள்மேல் வைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். நூல் எடுக்கிற அன்று எங்கள் அறையில் ஜன்னலைத் திறக்க மாட்டோம், பேச்சையும் குறைத்துக்கொள்வோம். துணியில் ஏற்கெனவே நைந்து தொங்கும் இடத்தில்தான் கை வைப்போம். நல்ல இடத்தில் ஒருபோதும் வெட்டுவதில்லை.

பழந்துணிகளில் ஏறியிருக்கும் சாயம் எது, எந்தச் செடியிலிருந்து, எந்தப் பூச்சியிலிருந்து வந்தது என்று கண்டு சொல்வதுதான் என் வேலை. ஐரோப்பிய நகரம் ஒன்றில், அருங்காட்சியகங்களுக்காக வேலை செய்யும் ஆய்வகத்தில் இருந்தேன். ஊருக்குப் போனால், "துணியை மெஷினில் வைத்தால் பேர் வந்துவிடுமா?" என்று கேட்பார்கள். நானும் முதல் இரண்டு வருடம் கிட்டத்தட்ட அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை உடைத்தது அந்த மூன்று மில்லிமீட்டர் நூல்.

அது ஒரு பெரிய பருத்தி விரிப்பிலிருந்து வந்தது. நடுவில் பாறை மேட்டிலிருந்து வளைந்து எழும் ஒரு மரம். ஒரே மரத்தில் பத்து வகைப் பூக்கள். ஐரோப்பியர் இதைப் 'பலம்போர்' என்பார்கள். கட்டில் விரிப்பைக் குறிக்கும் 'பலங்போஷ்' என்ற சொல் அவர்கள் வாயில் இப்படி ஆனது. சோழமண்டலக் கரையில் கையால் எழுதிய இத்தகைய துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கப்பல் கப்பலாகப் போயின. எந்த அளவுக்குப் போயின என்றால், தங்கள் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறது என்று பிரான்ஸ் 1686இல் தடை போட்டு 1759 வரை அதை நீக்கவில்லை. இங்கிலாந்து 1721இல், வாங்கவும் கூடாது உடுத்தவும் கூடாது என்று சட்டமே கொண்டுவந்தது. துவைக்கத் துவைக்க நிறம் போகாத பருத்தித் துணியை அதற்குமுன் அவர்கள் கண்டதில்லை.

எங்களிடம் வந்த விரிப்புக்கு வரலாற்றுச் சீட்டு எதுவும் இல்லை. அது 18ஆம் நூற்றாண்டுத் துணியா, பின்னால் யாரோ பார்த்துச் செய்த நகலா என்பதுதான் காப்பாட்சியரின் கேள்வி.

நூலைச் சின்னக் குப்பியில் போட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலம், மெத்தனால், தண்ணீர் மூன்றும் கலந்த கரைசலில் பத்து நிமிடம் சூடாக்குவோம். சாயம் பிடிப்பதற்காகத் துணியில் முதலில் ஏற்றும் படிகாரத்திலுள்ள அலுமினியம்தான் சாயத்தையும் இழையையும் இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது. அமிலம் அந்தப் பிடியை அவிழ்க்கும். இறங்கிய சாயத்தை எச்பிஎல்சி கருவியில் செலுத்தினால், கலந்து கிடக்கும் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வெளியே வரும். எந்த நிமிடத்தில் வருகிறது, எந்த ஒளியை விழுங்குகிறது என்ற இரண்டையும் வைத்து ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வோம்.

திரையில் ஒரே ஒரு பெரிய சிகரம் எழுந்தது. 430 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும் அலிசரின். சிவப்புச் சாயத்தில் அலிசரின் வருவதில் வியப்பில்லை. ஐரோப்பாவின் மஞ்சிட்டியான 'மேடர்' வேரிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் மேடரில் அலிசரினோடு பர்பூரின் என்ற இன்னொரு பொருளும் கூடவே வரும். நம் ஊர் மஞ்சிட்டியில் பர்பூரினும் முஞ்சிஸ்டினும் தூக்கலாக இருக்கும். இந்த நூலிலோ பர்பூரின் இருக்க வேண்டிய இடம் வெறும் தரையாகக் கிடந்தது.

அலிசரின் மட்டும் தனியாக எப்போது வரும்? கிரேபே, லீபர்மன் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் 1868இல் அலிசரினை ஆய்வகத்திலேயே செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே காப்புரிமை. சில ஆண்டுகளில் மேடர் பயிரிட்ட வயல்கள் எல்லாம் வேறு பயிருக்குப் போய்விட்டன. ஆக, பர்பூரின் இல்லாத அலிசரின் என்றால் ஆலையில் செய்த சாயம். நான் படித்த பாடம் அது. அறிக்கையில், "செயற்கை அலிசரின் ஆகலாம், 1869க்குப் பிந்தையது எனக் கருத இடமுண்டு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஒரு விரிப்பின் வயதில் நூறாண்டுக்கு மேல் வெட்டிவிட்ட வாக்கியம் அது. எழுதி முடித்துத் திருப்தியாகத் தேநீர் குடிக்கப் போனது இன்றும் நினைவிருக்கிறது.

துணியைச் செப்பனிடும் மூத்த பெண்மணி ஒருவர் அறிக்கையைப் படித்துவிட்டு மறுப்பு எதுவும் எழுதவில்லை. "துணியை ஒருமுறை வந்து பாருங்கள்" என்றார். அதுவரை நான் பார்த்திருந்தது நூலை மட்டும்தான். முழுத் துணியையும் படத்தில்தான் கண்டிருந்தேன். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். சிவப்பு இதழ்களுக்குள்ளே மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகள். மெழுகை உருக்கிக் கையால் இழுத்து, சாயம் ஏறாமல் காத்த கோடுகள் அவை. ஒரு கோடு போல இன்னொன்று இல்லை. மரத்தின் கறுப்பு வெளிக்கோடுகள் பல இடங்களில் துணியையே தின்று, அங்கே நூல் உதிர்ந்து வெறும் இடைவெளி தெரிந்தது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கறுப்பு நாள்பட நாள்பட பருத்தியை அரிக்கும். இலைகள் எல்லாம் நீலம். மரத்துக்கு நீல இலை யாரும் எழுதுவதில்லை. அவுரி நீலத்தின்மேல் பூசிய மஞ்சள், வெளிச்சம் பட்டுப் பட்டுப் போய்விட்டது. காம்பின் மடிப்பு ஒன்றில் மட்டும் பச்சை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இவை எதுவும் வயதுக்குச் சான்று ஆகாதுதான். ஆனால் என் ஒற்றைச் சிகரத்தை வைத்துக்கொண்டு இந்தக் கையின் உழைப்பைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டேன் என்பது அங்கே நின்றபோது நன்றாக உறைத்தது.

ஆய்வகத்துக்குத் திரும்பி, ஒப்பீட்டு மாதிரிகள் இருக்கும் இழுப்பறையைத் திறந்தேன். தெரிந்த செடியில் நாங்களே தோய்த்த துணித் துண்டுகளும் காய்ந்த வேர்களும் பூச்சிகளும் அதில் இருக்கும். மேடர், மஞ்சிட்டி, கோச்சினீல், கெர்மிஸ், அரக்கு, பதங்கம், குசும்பா. ஐரோப்பியச் சித்திரத் திரைகளையும் தேவாலய உடைகளையும் மனத்தில் வைத்துச் சேர்த்த இழுப்பறை. சோழமண்டலத் துணியைச் சிவக்க வைத்த வேர் மட்டும் அதில் இல்லை. இல்லாத ஒன்றைக் கருவி எப்படி அடையாளம் காட்டும்? தன்னிடம் இருக்கும் பெயர்களில் ஒன்றைத்தான் எடுத்து நீட்டும். அது நீட்டியதை நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த வேரின் பெயரே சாயவேர்தான். ஆங்கிலேயர் 'சே ரூட்' என்று எழுதினார்கள். மணற்பாங்கான கடலோரத்தில் தரையோடு தரையாகப் படரும் சின்னச் செடி, வெள்ளைப் பூ. கிருஷ்ணா கழிமுகத்தில் பெட்டபோலி என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய நிஜாம்பட்டினத்துப் பக்கம் விளையும் சாயவேரின் சிவப்பை 17ஆம் நூற்றாண்டு வணிகர்கள் தேடி வந்தார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக்காரர்கள் சாயவேர் தோண்டுவதைத் தங்கள் ஏகபோகமாகவே வைத்திருந்தார்கள். சித்த மருத்துவத்தில் இதற்கு இம்பூறல் என்று பேர். எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரம். சின்ன வயதில் இருமல் நிற்காமல் வந்தால் அப்பாயி இடித்துக் கொடுத்த வேர் அதே இம்பூறல். என் தொண்டைக்குள் போன வேரை நான் இழுப்பறையில் தேடாமல் விட்டிருக்கிறேன்.

அதைவிட வலித்தது அடுத்த நாள் நூலகத்தில் கண்டது. ஆர்தர் ஜார்ஜ் பெர்க்கின், ஹம்மல் என்ற இருவர் சாயவேரைப் பகுத்து 1893இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்கள். (1856இல் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தவரின் மகன்தான் இந்தப் பெர்க்கின்.) அலிசரின் உண்டு, பர்பூரின் இல்லை என்பது அதிலேயே இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக அச்சில் இருந்த செய்தி. நான்தான் படிக்கவில்லை.

அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பெரியம்மாவிடம் முன்பே போனில் சொல்லி, துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் ஊறப் போடச் சொல்லியிருந்தேன். கலம்காரி எழுதுபவர்கள் கசிமி என்பது அதைத்தான். "இத்தனை படிச்சிட்டு வந்து ஆணி ஊறப்போடுறியேடி" என்று கேட்டாலும், மூன்று வாரம் பானையைப் பத்திரமாக மூடி வைத்திருந்தார். வேர் எடுக்கக் கூடவே மணல்மேட்டுக்கு வந்தார். செடி கைவிரல் உயரம்கூட இல்லை. வேரோ தோண்டத் தோண்டப் போய்க்கொண்டே இருந்தது; மெலிந்து, சணல் நூல் போல, ஆரஞ்சு கலந்த மஞ்சள் தோலோடு. பெரியம்மா வேர் ஒன்றை ஒடித்து உள்ளங்கையில் வைத்து, வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு தொட்டுத் தேய்த்தார். மஞ்சள் அப்படியே சிவந்தது. "இதுக்குத்தானே சாயவேருன்னு பேரு" என்றார். நான் குப்பியிலும் திரையிலும் தேடியதை அவர் உள்ளங்கையில் காட்டிவிட்டார்.

பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கஞ்சி போகத் துவைத்து, கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் நனைத்துக் காயப் போட்டோம். பால் ஊறிய துணியில் எழுதினால் கோடு பரவாது. கசிமியைத் தொட்டு ஒரு கோடு இழுத்தேன். கடுக்காய் பட்ட இடத்தில் இரும்பு தொட்டதும் கண்ணெதிரே கறுத்தது. படிகாரத் தண்ணீரில் ஓர் இலை எழுதினேன். படிகாரத்தோடு துளி கசிமி கலந்து பக்கத்தில் இன்னொன்று. காய்ந்தபின் படிகாரம் இருந்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை. துணியை அலசி, இடித்த வேரோடு தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் நாளெல்லாம் சூடு காட்டினோம். சாயங்காலம் தூக்கிப் பார்த்தால், படிகாரத்தில் எழுதியது சிவப்பு, கசிமி கலந்தது ஊதா. ஒரே வேர், ஒரே பானை. மற்ற இடமெல்லாம் அழுக்கு ரோஜா நிறம். ஆட்டுச் சாணம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துப் புல்மேல் வெயிலில் விரித்து, நனைத்து நனைத்துக் காயவைத்ததில் நாலு நாளில் அந்த நிறம் வெளிறியது. சிவப்பும் ஊதாவும் அசையவில்லை.

1734 வாக்கில் புதுச்சேரியில் போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, துணி எழுதுபவர்களின் வேலையைக் கூடவே இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு வைத்தார். அந்தக் கைப்பிரதி பாரிஸில் இன்றும் இருக்கிறது. தொழிலைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகத்தான் அவர் அதைச் செய்தார் என்பதை மறக்க முடியவில்லை. இருந்தாலும் இன்று அந்தத் துண்டுகள்தான் எங்களுக்கு வழிகாட்டி. நானும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி உறையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பிப் போனதும் அறிக்கையைத் திறந்தேன். நல்லவேளையாக முதல் முறை மூன்று மில்லிமீட்டரையும் கரைக்கவில்லை; பாதியை வைத்திருந்தேன். இந்த முறை, மூலக்கூறுகளின் எடையைக் காட்டும் நிறைமாலைமானியும் இணைந்த கருவியில் ஓட்டினேன். ஊரில் தோய்த்த துண்டிலிருந்து ஒரு நூல், செயற்கை அலிசரினில் தோய்த்த 19ஆம் நூற்றாண்டுத் துணியிலிருந்து ஒரு நூல், விரிப்பு நூல், மூன்றும் அடுத்தடுத்து. பெரிய சிகரத்தின் உயரத்துக்கே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முன்பு அடியில் புல் மாதிரி தெரிந்தவற்றை நான் பொருட்படுத்தவில்லை. இப்போது அந்தப் புல்லைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆலையில் செய்த பழைய அலிசரினில், செய்முறையின் மிச்சமாக ஆந்திரபர்பூரினும் ஃபிளேவோபர்பூரினும் கூட வந்திருந்தன. விரிப்பு நூலில் அவை இல்லை. அதற்குப் பதில் அலிசரினின் மெத்தில் ஈதர் போன்ற சின்னச் சின்னச் சிகரங்கள். ஊர்த் துண்டிலும் அதே இடங்களில் அதே சிகரங்கள். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு, செப்பனிடும் அம்மையாரை அழைத்து வந்தேன். அவர் வெகுநேரம் எதுவும் பேசாமல் பார்த்தார். பிறகு, ஊதாப் பூவையும் பார்த்துவிடலாமா என்று கேட்டார்.

பார்த்தோம். ஊதாவுக்கும் சிவப்புக்கும் குரோமட்டோகிராமில், அதாவது சிகரங்கள் எழும் அந்தப் படத்தில், வித்தியாசமே இல்லை. வேர் ஒன்றே என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். எந்த உலோகம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியை ஊதாவின்மேல் காட்டியதும் இரும்பு தெரிந்தது. கசிமிப் பானை என் கண்முன் வந்து நின்றது.

புதிய அறிக்கை எழுத முதல் அறிக்கையைப்போல் நான்கு மடங்கு நேரம் பிடித்தது. சிவப்பு சாயவேர் என்று எழுதினேன். முதல் அறிக்கையில் ஆண்டு பற்றிச் சொன்னது என் தவறு என்றும், அதற்கான காரணத்தையும் எழுதினேன். சாயவேர் என்பதாலேயே 18ஆம் நூற்றாண்டு என்று ஆகிவிடாது, பின்னாலும் அந்த வேரில் தோய்த்திருக்கிறார்கள், வயதை நெசவையும் எழுத்துமுறையையும் பார்ப்பவர்கள்தான் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தேன். நீலத்தில், அந்த நிறத்தைத் தரும் பொருளான இண்டிகோடின் கிடைத்தது. அது அவுரியிலும் வரும், ஐரோப்பாவின் வோட் செடியிலும் வரும். வேதியியல் அங்கே செடியைப் பிரித்துக் காட்டாது. ஆகவே "இண்டிகோ தரும் செடி" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். காப்பாட்சியர் பிற சான்றுகளையும் பார்த்துப் பதிவேட்டில் 18ஆம் நூற்றாண்டு, சோழமண்டலக் கரை என்று மாற்றினார்.

காம்பின் மடிப்பில் ஒட்டியிருந்த பச்சையிலிருந்து ஒரு நூல் எடுத்தோம். மஞ்சள் அத்தனை மங்கலாக இறங்கியதால் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கரைக்காமல் மிஞ்சிய துண்டு ஒரு மில்லிமீட்டர் இருக்கும். குப்பியில் போட்டு, துணியின் எண்ணையும் நூல் எடுத்த இடத்தையும் எழுதி, சாயவேர் உறைகளுக்குப் பக்கத்தில் அதே இழுப்பறையில் வைத்தேன். இதைவிடக் கூர்மையான கருவியோடு யாராவது வருவார்கள். வரும்வரை அதன்மேல் வெளிச்சம் படக் கூடாது என்று மூடியின்மேல் சிவப்பில் எழுதினேன்.