அம்மாவின் குருத்தோலை: ஒரு தவக்கால நாட்குறிப்பு

2025 மார்ச் 2, ஞாயிறு

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் பூச வேண்டிய சாம்பலை, சென்ற ஆண்டுக் குருத்தோலைகளை எரித்துத்தான் எடுப்பார்கள். வீட்டில் உள்ளவற்றை இன்று கொண்டுவரும்படி பங்குத்தந்தை அறிவித்திருந்தார். எங்கள் வீட்டுப் பாடுபட்ட சுரூபத்தின் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தின்) பின்னால் செருகியிருந்த ஓலைச் சிலுவை, 2024 குருத்து ஞாயிறன்று அம்மா தம் கையால் மடித்தது. அக்டோபரில் அவர் இறைவனிடம் சென்றுவிட்டார். ஓலை வைக்கோல் நிறமாகிவிட்டது. ஆனால் மடித்த ஓரங்களில் அவருடைய நகம் அழுத்திய கோடுகள் இன்னும் தெரிகின்றன. ஆலய வாசலில் இருந்த கூடையருகே இரண்டு முறை சென்று திரும்பி, மூன்றாம் முறைதான் அதைப் போட்டேன்.

மார்ச் 5, புதன்

நெற்றியில் சாம்பலோடு நேராகப் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குச் சென்றேன். இவ்வாண்டு ரமலான் நோன்பும் தவக்காலமும் சேர்ந்தே வந்திருக்கின்றன. பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் மலாய் நண்பரும் நானும் மதிய உணவு வேளையில் கேன்டீன் பக்கம் போகாமல் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்தோம். மண்ணுக்குத் திரும்புவாய் என்று சொல்லிப் பூசப்பட்ட அந்தச் சாம்பலில் அம்மாவின் ஓலையும் கலந்திருக்கும் என்ற நினைவு நாள் முழுவதும் என்னை விட்டு அகலவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைய நற்செய்தி லூக்கா 4. இயேசுவுக்கு உலகின் அரசுகள் அனைத்தையும் ஒரு நொடியில் காட்டி, என்னை வணங்கினால் இவை உனக்கு என்கிறது அலகை, அதாவது சாத்தான். எனக்கு எவரும் அரசுகளைக் காட்டவில்லை; ஓவர்டைம் பட்டியலைத்தான் காட்டினார்கள். இருபத்தேழு ஆண்டுகளாக அதில் என் பெயரை நானே எழுதினேன், செபராங் பிறையில் இரண்டாவது வீட்டையும் வாங்கினேன். அம்மா ஒவ்வொரு நாளும் மாலை ஏழரைக்குச் செபமாலை சொல்லத் தொடங்குவார். நான் வீடு திரும்பும்போது மெழுகுவர்த்தி அணைந்து, அதன் புகை வாசனை மட்டும் கூடத்தில் நிற்கும். "சாப்பிடுப்பா" என்பார், செபத்துக்கு ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. உழைப்பைப் பாவம் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்துக்காக என்று சொல்லிக்கொண்டே குடும்பத்தோடு முழந்தாளிடும் நேரத்தை விற்றேன் என்பதைத்தான் ஆண்டவர்முன் ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

இன்றைய நற்செய்தியில் இயேசு சொல்லும் உவமையில், கனி கொடாத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர். சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன், இந்த ஓராண்டு விட்டுவையுங்கள் என்று மன்றாடுகிறார் தோட்டக்காரர். ஆகஸ்டில் எனக்கு 55 வயது நிறைவடைகிறது. சேமநிதிப் பணத்தை எடுக்கலாம். அந்தத் தொகையை எத்தனை இரவுகள் கணக்கிட்டிருப்பேன்! இன்று என் எண்ணமெல்லாம் அந்தத் தோட்டக்காரர்மீதே இருந்தது.

மார்ச் 29, சனி

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருத்தலத்திற்குச் சென்றேன். 2019இல் பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதிக்கு உயர்த்தப்பட்ட இத்தலத்தில், அம்மா ஜூலைத் திருவிழாதோறும் மெழுகுவர்த்தி ஏற்றிய இடத்தில் நானும் ஒன்றை ஏற்றினேன். அம்மா கடைசிவரை பழைய செபத்தையே சொல்லி, "நித்திய சீவியம்" என்பார். இப்போது நாங்கள் "நிலைவாழ்வு" என்கிறோம். இரண்டையும் இறந்தபின் கிடைக்கும் முடிவில்லாக் காலம் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் யோவான் 17:3, உண்மையான ஒரே கடவுளையும் அவர் அனுப்பிய இயேசு கிறிஸ்துவையும் அறிவதையே நிலைவாழ்வு என்கிறது. அப்படியானால் அது எங்கள் கூடத்தில், மாலை ஏழரைக்கே தொடங்கியிருந்தது.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளரிடம் சென்று, மாலை ஓவர்டைமில் இனி என் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாதத் தவணை இறுகத்தான் செய்யும்.

ஆலயத்தில் கிடைத்த ஓலையை நானே மடிக்க முயன்றேன். குறுக்குக் கை இருமுறை அவிழ்ந்தது. என் மகள், "ஆயா இப்படித்தான் மடிப்பாங்க அப்பா" என்று வாங்கி, கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை அழுத்திக் காட்டினாள். ஏழரைக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம்.