கியோமேயின் ‘சகாரா’

பாலைவன ஓவியம் என்றதும் நினைவுக்கு வருகிற அலங்காரம் எதுவும் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கியோமேயின் ‘சகாரா’வில் கிடையாது. 1867இல் வரைந்தது, பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேரீச்ச மரம் இல்லை, கூடாரம் இல்லை, வாளேந்திய குதிரை வீரர்கள் இல்லை. முன்னால் செத்து எலும்பாய்க் கிடக்கும் ஒரு ஒட்டகம். மற்றதெல்லாம் மண்ணும் வானமும்தான்.

அப்புறம் அடிவானத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். புகை படிந்த மாதிரி ஒரு ஒட்டகக் கூட்டம் தெரியும். வருகிறதா, போகிறதா, வெறும் கானல்தானா, சொல்லவே முடியாது. எனக்கு இந்தப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பயமும் ஆசையும் ஒரே கோட்டில் நிற்கின்றன.

காலமே இல்லாத பாலை, மரணத்தின் சின்னம் என்று மட்டும் இதைப் படிப்பது எனக்குப் போதவில்லை. கியோமே திரும்பத் திரும்பப் போனது பிரான்ஸின் பிடியில் இருந்த அல்ஜீரியாவுக்கு. 1867-68இல் அங்கே கொடும் பஞ்சம், லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பஞ்சத்தை மனதில் வைத்துத்தான் வரைந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வருடம் தெரிந்தபின், அந்த எலும்புகளை வெறும் குறியீடாக என்னால் பார்க்க முடியவில்லை.